பதினாலு சி

சக்கரம் உருளும்வரை எனக்குச் சம்பளம் இல்லை.
அதற்கு முன் நடப்பதெல்லாம் புண்ணியக் கணக்கு.

பலாலி, பகல் பதினொன்று. சோளகம்
பின்வாசல் ஏணியை ஆட்டிப் பார்க்கிறது.
வந்தவர்கள் இறங்கி, போகிறவர்கள் ஏறுமுன்
இருபத்தைந்து நிமிடம்.
மெற்றில்டா முன்னாலிருந்து, நான் பின்னாலிருந்து
ஒவ்வொரு சீற் பையிலும் கைவிடுகிறோம்.
குண்டு தேடச் சொல்லித்தான் விதி.
கிடைப்பது மாங்கொட்டை, பல்லுக்குத்தி,
யாரோ ஒருவரின் ஒற்றைக் காலுறை.

ஒட்சிசன் சிலிண்டரின் முள் பச்சையில்.
தீயணைப்பானின் ஊசி அதன் இடத்தில்.
ரோச் லைற் கண் சிமிட்டுகிறது.
எழுபது கதிரைக்கும் அடியில் குனிந்து
உயிர்காப்பு அங்கியைத் தொட்டுப் பார்த்தாயிற்று.
உதட்டுச் சாயமும் அதே பட்டியலில் உண்டு,
சிலிண்டருக்கு மேலே.

பிறகு கதவடியில் வணக்கம்.
அறுபத்தெட்டு கொடுத்தேன். ஒன்பது திரும்பி வந்தது.

நாலு ஏ ஜன்னல் கேட்கிறார்.
ஜன்னலில்தான் இருக்கிறார்.
விசிறி தெரிகிறதாம், தனி வானம் வேண்டுமாம்.
ஏழு டி ஒடியல் மூட்டையைத் தூக்கி
மற்றவரின் கூறைப்புடவைமேல் இறக்கிவிட்டுப்
போயிருந்து கண்ணை மூடிக்கொண்டார்.
போனை நிப்பாட்டியாச்சு என்றார் பதினொன்று எஃப்.
அவர் மடிக்குள்ளிருந்து ரொறன்ரோ கேட்கிறது:
'ஏறிற்றியளோ அப்பா?'
ஒன்பது சி பொத்தானை ஐந்து தரம் அமத்தினார்.
ஆறாவது தரம் என் இடுப்பில் ஒரு விரல்.
அந்த விரலுக்கு வழிகாட்டி நூலில் பக்கம் இல்லை.
'சொல்லுங்கோ ஐயா' என்று சிரிக்க மட்டும்
ஆறு கிழமைப் பயிற்சி.

இனித் தலை எண்ண வேண்டும்.
உள்ளங்கைக்குள் சின்ன எண்ணி, சொடுக்கு, சொடுக்கு,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு

'பிள்ளை, நீர் எவடம்?'

பதினாலு சி. என் பெயர்ப்பட்டியை
எழுத்துக்கூட்டி முடித்திருந்தார்: வே-ணு-ஜா.
'பலாலி' என்றேன்.
'பலாலியில எவடம்? கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?
அப்பா ஆர்? அவற்றை தகப்பன் என்ன செய்தவர்?'
யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு நாலு படி.
நாலாவது படியில் நிற்பது ஊர் இல்லை.

எண் போயிற்று. திரும்ப ஒன்றிலிருந்து.
அறுபத்தேழு.
தாளில் அறுபத்தெட்டு.
மெற்றில்டாவும் எண்ணினாள். அறுபத்தேழு.
ஒரு தலை குறைந்தால் கதவு மூடாது,
கப்டன் என்றாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.
இந்த மண்ணில் முன்பும் தலை எண்ணினார்கள்.
குறைந்த தலைக்காக அப்போது எதுவும் நின்றதில்லை.

கழிவறை திறந்தது.
தலைவாரி, பவுடர் போட்டு,
இரண்டு டி வெளியே வந்து
'என்ன, இன்னும் வெளிக்கிடேல்லையோ?' என்றார்.

பெல்ற்றை மாட்டிக் காட்டினேன், கழற்றிக் காட்டினேன்.
வெளிச்சுவரைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்,
என்னைத் தவிர எல்லாவற்றையும்.
பதினாலு சி மட்டும்
அங்கி நாடாவை எந்தப் பக்கம் முடிவது என்று
உதடு அசைத்துப் பாடமாக்கினார்.

புறப்படும் அரை நிமிடம் நாங்கள் பேசக்கூடாது.
மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.
எந்தக் கதவு, எந்தப் பிடி,
புகை வந்தால் எந்தப் பக்கம்,
ஆரை உதவிக்குக் கூப்பிடுவேன்.
பதினாலு சியைத்தான். வேறு வழி?
கவனித்தவர் அவர் ஒருவர்தானே.

எவடம்.

சக்கரம் உருளுகிறது.
கிழக்கு முனையிலிருந்து கொஞ்ச தூரத்தில்,
வெள்ளைக் கோடுகளுக்கு அடியில்,
அப்பாவின் உறுதியில் ஆறு பரப்பு.
நான் முகாமில் பிறந்தவள்,
அதில் ஒருநாளும் நின்றதில்லை.
கடக்க ஒரு நொடி.
அந்த நொடிக்குச் சம்பளம் உண்டு.

மூக்கு நிமிர்ந்து வயிறு இறங்கும்போதே
பெல்ற் கழலும் சத்தம்.
எழும்பிவிட்டார். மேல்தட்டைத் திறக்கிறார்.
'ஐயா! இருங்கோ!'

'இல்லைப் பிள்ளை, அந்தக் கண்ணாடிக்கூடு...'